தொகுத்தோரும் தொகுப்பித்தோரும்: றோலிங் ஸ்ரோன்ஸ் குழுவினரின் ஆரம்பகால இசைத்தட்டுத் தொகுப்புப் பற்றிய ஒரு நோக்கு

இருபதாம் நூற்றாண்டின் இசை வரலாற்றை எழுதப் புகுவோருக்கு இசைத்தட்டு முதன்மையானதொரு சான்றாகும். கல்வெட்டொன்று தான் கூறும் செய்தியோடு அதனைப் பொறிப்பித்தவன் யார் என்பதையும் உணர்த்துவது போல, இசைத்தட்டும் தன் நடுவே ஒட்டப்பட்ட வட்டச் சீட்டில் நால்வகைச் செய்திகளைத் தாங்கி நிற்கின்றது. பாடலின் பெயரும் பாடியோரின் பெயரும் பெரிய எழுத்தில் அமையும். பாடலை இயற்றியோரின் பெயரும் ஒலிப்பதிவுக்கு உரிமை கொண்ட கம்பனியின் பெயரும் சிறிய எழுத்தில் அமையும். கேட்போர் பெரும்பாலும் முன்னிரண்டையே வாசிப்பர். ஆயினும், தட்டு விற்ற பணம் யாரைச் சென்றடையும் என்பதைத் தீர்மானிப்பன பின்னிரண்டுமே.

இச்சிறிய எழுத்துகளை வரிசையாக வாசிப்பதற்கு வாய்ப்பளிக்கும் தொகுப்பொன்று 1989ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதத்தில் வெளிவந்தது. நியூயோர்க் நகரின் அப்கோ கம்பனி வெளியிட்ட அத்தொகுப்பின் பெயர் ‘சிங்கிள்ஸ் கலெக்ஷன்: த லண்டன் இயேர்ஸ்’ என்பதாகும். றோலிங் ஸ்ரோன்ஸ் என்னும் ஆங்கிலேய றொக் இசைக்குழுவினர் 1963 முதல் வெளியிட்ட பாடல்களுள் 58 ஒலிப்பதிவுகள் மூன்று இறுவட்டுகளில் இதன்கண் அடங்கியுள்ளன. தமிழ்த் தொகைநூல் மரபு ‘தொகுத்தோன்’, ‘தொகுப்பித்தோன்’ என இருவரை வேறுபடுத்திக் கூறும். இத்தொகுப்பை ஆராயுமிடத்தும் அவ்வேறுபாடு பெரிதும் பயன்படும். பாடல்கள் எவருடையன, அவற்றைத் தொகுப்பிக்கும் அதிகாரம் எவரிடம் சென்று சேர்ந்தது என்னும் இரு வினாக்களுக்கும் உரிய விடைகள் இத்தொகுப்பினுள்ளேயே பொதிந்து கிடக்கின்றன என்பதை எடுத்துக்காட்டுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1. சிறுதட்டும் பெருந்தட்டும்

ஐக்கிய அமெரிக்காவில் 1948இல் கொலம்பியா கம்பனி நிமிடத்துக்கு 33 1/3 முறை சுழலும் நீண்டநேர இசைத்தட்டை அறிமுகஞ் செய்தது. அடுத்த ஆண்டில் ஆர்.சி.ஏ. விக்டர் கம்பனி நிமிடத்துக்கு 45 முறை சுழலும் 7 அங்குல விட்டமுடைய தட்டை வெளியிட்டது. முன்னையதைப் பெருந்தட்டு எனவும், ‘சிங்கிள்’ என வழங்கும் பின்னையதைச் சிறுதட்டு எனவும் ஈண்டு குறிப்பிடுவோம். சிறுதட்டில் பக்கத்துக்கு ஒரு பாடல் மாத்திரமே இடம்பெறும். அப்பாடலும் பொதுவாக மூன்று நிமிட அளவினதாகவே இருக்கும். விலை குறைவாதலால் பள்ளி மாணவரும் தொழில் பழகும் இளைஞரும் அதனை வாங்கக்கூடியதாயிருந்தது.

சிறுதட்டின் முதற்பக்கமே வானொலிக்கும் விற்பனைப் பட்டியலுக்கும் உரியது. மறுபக்கத்தைப் பலர் கேட்பதேயில்லை. எனினும் தட்டொன்று விற்குந்தோறும் முதற்பக்கப் பாடலை இயற்றியவர் பெறும் உரிமைப் பணத்தை மறுபக்கப் பாடலை இயற்றியவரும் பெறுவர். இப்பொருளாதார உண்மை பின்னர் நாம் காணப்போகும் பல செய்திகளை விளங்கிக்கொள்ளத் துணைசெய்யும்.

பிரித்தானியாவில் சிறுதட்டாக வெளிவந்த பாடலைப் பெருந்தட்டில் மீண்டும் சேர்ப்பது அக்காலத்தில் பெருவழக்காக இருக்கவில்லை. அமெரிக்காவிலோ சிறுதட்டில் வெற்றிபெற்ற பாடலை மையமாகக் கொண்டே பெருந்தட்டுகள் அமைக்கப்பட்டன. ஒரே பாடலுக்கு இரு நாடுகளிலும் வெவ்வேறு மறுபக்கங்கள் இடப்பட்டமையும் உண்டு. 1965இல் வெளிவந்த ‘சற்றிஸ்ஃபக்ஷன்’ என்னும் பாடலின் மறுபக்கத்தில் அமெரிக்காவில் ‘த அண்டர் அசிஸ்ரன்ட் வெஸ்ட் கோஸ்ட் புறமோஷன் மான்’ இடம்பெற, பிரித்தானியாவில் ‘த ஸ்பைடர் அன்ட் த ஃபிளை’ இடம்பெற்றது. அவ்வாண்டில் பிரித்தானியாவில் வெளியான பெருந்தட்டில் ‘சற்றிஸ்ஃபக்ஷன்’ இடம்பெறவேயில்லை. பெருந்தட்டுகளை மாத்திரம் கொண்டு இக்குழுவின் வளர்ச்சியை ஆராய முற்படுவோர் அதன் புகழ்பெற்ற பாடல்கள் பலவற்றைத் தவறவிடுவர். இரு நாட்டுச் சிறுதட்டுகளையும் இணைத்துக் கால வரிசையில் தருவது 1989ஆம் ஆண்டுத் தொகுப்பின் முதற் பயனாகும்.

தொகுப்பின் பெயரிலுள்ள ‘லண்டன்’ என்னுஞ் சொல்லும் விளக்கம் வேண்டுவது. அது நகரை மாத்திரம் குறிப்பதன்று. பிரித்தானிய டெக்கா கம்பனியே இக்குழுவின் தட்டுகளை வெளியிட்டது. அமெரிக்காவில் டெக்கா என்ற பெயருக்கு வேறொரு கம்பனி உரிமை கொண்டிருந்தமையால், பிரித்தானியக் கம்பனி அங்கே ‘லண்டன்’ என்னும் பெயரில் தட்டுகளை விற்றது. எனவே ஆங்கிலேயக் குழுவொன்றின் தொகுப்புக்குச் சூட்டப்பட்ட இப்பெயர் உண்மையில் அமெரிக்கச் சந்தையின் வழக்கைத் தழுவியதாகும்.

2. கடன்பெற்ற குரல்

மிக் ஜாகரும் கீத் றிச்சட்ஸும் சிறுவயதிலே ஒருவரையொருவர் அறிந்திருந்தவர்கள். 1961 ஒக்தோபரில் டாட்ஃபோட் புகையிரத நிலையத்தில் அவர்கள் மீண்டும் சந்தித்தபோது, ஜாகரின் கையில் சக் பெரி, மடி வோட்டர்ஸ் ஆகியோரின் அமெரிக்க இசைத்தட்டுகள் இருந்தன. அத்தட்டுகளே அவர்களது நட்புக்கு அடிகோலின. குழுவை அமைப்பதில் முன்னின்றவர் பிறையன் ஜோன்ஸ் ஆவார். மடி வோட்டர்ஸ் 1950இல் வெளியிட்ட ‘றோலின் ஸ்ரோன்’ என்ற பாடலே குழுவின் பெயருக்கு மூலமாயிற்று. 1962 யூலை 12ஆந் திகதி இலண்டன் மார்க்கீ மன்றத்தில் அப்பெயருடன் அவர்கள் முதன்முறையாக மேடையேறினர். 1963இன் தொடக்கத்தில் பில் வைமனும் சாளி வட்ஸும் குழுவில் இணைந்திருந்தனர். பியானோ வாசித்த இயன் ஸ்ருவேட் தொடக்கம் முதலே குழுவில் இருந்தவராயினும், தோற்றம் பொருந்தவில்லை என்ற காரணத்தால் அவ்வாண்டிலேயே மேடை வரிசையிலிருந்து நீக்கப்பட்டார். ஆயினும் 1985இல் இறக்கும் வரை குழுவுக்காக உழைத்தார்.

இவ்விளைஞர் பின்பற்றிய புளூஸ் இசை, ஐக்கிய அமெரிக்காவின் தென்மாநிலங்களிற் பருத்தித் தோட்டங்களிலே உழைத்த கறுப்பின மக்களிடையே தோன்றியது. அம்மக்கள் வேலை தேடி வடக்கே பெயர்ந்தபோது அவர்களது இசையும் உடன் சென்றது. மடி வோட்டர்ஸ் 1943இல் மிசிசிப்பியிலிருந்து சிக்காகோ நகருக்குச் சென்றவர். அங்கே லெனாட் செஸ், பில் செஸ் என்னும் சகோதரர் நடத்திய செஸ் இசைத்தட்டுக் கம்பனியே அவ்விசையின் பிரதான களமாயிற்று. பாடலாசிரியர் வில்லி டிக்சன், பாடகர் ஹவுலின் வுல்ஃப், சக் பெரி முதலியோர் அக்கம்பனியின் தூண்களாக விளங்கினர்.

தொகுப்பின் முதற் சில பாடல்களில் இயற்றியோர் பெயர்களைப் பார்த்தாலே இக்கடன் புலப்படும். 1963 யூன் 7ஆந் திகதி வெளிவந்த முதலாவது சிறுதட்டின் முதற்பக்கம் ‘கம் ஒன்’. இயற்றியவர் சக் பெரி. மறுபக்கம் ‘ஐ வோன்ட் டு பி லவ்ட்’. இயற்றியவர் வில்லி டிக்சன். அதே ஆண்டு நவம்பரில் வந்த இரண்டாவது தட்டின் முதற்பக்கப் பாடலைப் பீற்றில்ஸ் குழுவின் ஜோன் லெனனும் போல் மக்கார்ட்னியும் வழங்கினர். 1964 பெப்ரவரியில் வந்த ‘நொட் ஃபேட் அவே’ அமெரிக்கரான பட்டி ஹொலியின் பாடல். அவ்வாண்டு யூன் மாதத்தில் குழுவினர் சிக்காகோவுக்கே சென்று செஸ் கம்பனியின் ஒலிப்பதிவுக் கூடத்தில் ‘இட்ஸ் ஓல் ஓவர் நவ்’ என்ற பாடலைப் பதிவுசெய்தனர். கறுப்பினப் பாடகர் பொபி வோமக்கும் ஷேர்லி வோமக்கும் இயற்றிய அப்பாடலே பிரித்தானியாவில் இவர்களுக்கு முதலிடத்தைப் பெற்றுக்கொடுத்தது.

இவ்வரிசையில் தனிக்கவனத்துக்குரியது 1964 நவம்பரில் வெளிவந்த ‘லிட்டில் றெட் றூஸ்டர்’ ஆகும். டிக்சன் இயற்றி 1961இல் ஹவுலின் வுல்ஃப் பாடிய மெதுவான புளூஸ் பாடல் அது. நடனத்துக்கு ஏற்ற விரைவான பாட்டுகளே விற்பனையாகும் எனக் கருதப்பட்ட காலத்தில், பிறையன் ஜோன்ஸ் கித்தார்த் தந்திகளின்மேல் குழாயை வழுக்கி எழுப்பிய நீண்ட ஒலிகளோடு அப்பாடல் பிரித்தானியப் பட்டியலின் உச்சிக்கு ஏறியது. இங்கே மற்றொரு நுட்பமும் நோக்கற்பாலது. சேவலைப் பற்றிய புளூஸ் பாடல்கள் டிக்சனுக்கு முன்னரும் இருந்தன. சாளி பற்றன் 1929இலேயே அத்தகைய பாடலொன்றைப் பதிவுசெய்திருந்தார். வாய்மொழி மரபில் பலர் கைப்பட்டு வந்த பொருளொன்று, உரிமைச் சட்டத்தின் எல்லைக்குள் நுழைந்ததும் ஒருவர் பெயருக்கு உரியதாகிவிடுகின்றது. புளூஸ் இசையின் வரலாறு முழுவதிலும் தொடரும் சிக்கல் இதுவேயாகும்.

குழுவினர் தம் முன்னோடிகளை மறைத்தாரல்லர். 1965 மே மாதத்தில் ‘ஷிண்டிக்’ என்னும் அமெரிக்கத் தொலைக்காட்சி நிகழ்ச்சியில் ஹவுலின் வுல்ஃபையும் தம்முடன் தோன்றச் செய்து, அவர் பாடும்போது அவரது காலடியில் அமர்ந்து கேட்டனர். வெள்ளையின அமெரிக்க இளைஞர் பலர் தம் நாட்டுக் கலைஞர் ஒருவரை ஆங்கிலேயர் வாயிலாக அறிந்துகொண்ட தருணம் அது. ஆயினும் புகழும் பணமும் ஒரே வழியாற் செல்வனவல்ல. செஸ் கலைஞரின் பாடல்களை நிருவகித்த ஆர்க் என்னும் வெளியீட்டுக் கம்பனி தமக்குரியதை வழங்கவில்லை எனக் கூறி மடி வோட்டர்ஸும் வில்லி டிக்சனும் 1976இல் வழக்குத் தொடுக்க நேர்ந்தது. அது பின்னர் உடன்பாட்டில் முடிந்தது. சீட்டிலே பெயர் சரியாகப் பொறிக்கப்பட்டிருந்தபோதும் பெயருக்குரியவர் உரிய பணத்துக்காக நீதிமன்றப் படியேற வேண்டியிருந்தது என்பது கருத்திற் கொள்ளத்தக்கது.

3. பெயர் மாற்றமும் வருவாயும்

1963இல் குழுவின் முகாமையாளராக வந்த அன்ட்று லூக் ஓல்டம் அப்போது பத்தொன்பது வயதினர். பிறர் பாடலைப் பாடும் குழு பிறருக்கே பொருளீட்டிக் கொடுக்கின்றது என்பதை அவர் விரைவில் உணர்ந்தார். லெனனும் மக்கார்ட்னியும் தாம் வழங்கிய பாடலை இவர்கள் கண்முன்னே சில நிமிடங்களில் முடித்துக் கொடுத்த காட்சி அவ்வுணர்வுக்கு வலுவூட்டியது. ஜாகரையும் றிச்சட்ஸையும் சமையலறையில் அடைத்து, பாடலோடு வெளியே வருமாறு ஓல்டம் பணித்தார் எனக் கூறப்படும் கதை எவ்வளவு மெய்யாயினும், அதன் பின்னணியிலுள்ள பொருளாதார நோக்கு ஐயத்துக்கிடமற்றது.

இம்மாற்றத்தின் முதற்படியைத் தொகுப்பிலுள்ள ‘ஸ்ரோன்ட்’ என்ற பாடலிற் காணலாம். இரண்டாவது சிறுதட்டின் மறுபக்கத்தை நிரப்பிய அவ்வாத்திய இசைக்கு இயற்றியவர் பெயர் ‘நாங்கர் ஃபெல்ஜ்’ எனக் காணப்படுகின்றது. அப்படி ஒருவர் இருந்ததில்லை. குழுவினர் தமக்கிடையே வழங்கிய வேடிக்கைச் சொல்லொன்றையும், தம்முடன் ஒரே வீட்டில் வசித்த நண்பர் ஒருவரின் குடும்பப் பெயரையும் இணைத்துக் கூட்டுப் படைப்புகளுக்கென உருவாக்கிய புனைபெயர் அது. மறுபக்கப் பாடலின் வருவாய் அனைவருக்கும் பங்கிடப்பட்டது. 1965இல் வெளிவந்த ‘பிளே வித் ஃபயர்’ ஒலிப்பதிவிற் குழுவிலிருந்து ஜாகரும் றிச்சட்ஸும் மாத்திரமே பங்குபற்றியபோதிலும், அதுவும் இப்பொதுப் பெயரிலேயே பதியப்பட்டது. உழைத்தவர் இருவராயினும் உரிமை ஐவருக்குமாயிற்று.

அவ்வாண்டோடு நாங்கர் ஃபெல்ஜ் மறைந்துவிடுகின்றார். ஜாகர், றிச்சட்ஸ் என்னும் இரு பெயர்களே எஞ்சுகின்றன. 1966இல் வெளிவந்த ‘பெயின்ட் இட் பிளாக்’ என்ற பாடலுக்குத் தனித்தன்மை அளித்த சித்தாரை வாசித்தவர் ஜோன்ஸ். 1967இல் வெளிவந்த ‘றூபி ரியூஸ்டே’ பாடலின் குழலிசையும் அவருடையதே. 1968இல் வெளிவந்த ‘ஜம்பின் ஜாக் ஃபிளாஷ்’ பாடலின் அடிப்படைத் தொடரைத் தாமே பியானோவிற் கண்டுபிடித்ததாக வைமன் பின்னாளிற் கூறினார். இப்பாடல்கள் யாவற்றின் கீழும் இரு பெயர்களே உள்ளன. இயற்றுதல் என்பது சொல்லும் மெட்டும் அமைத்தலே எனச் சட்டமும் இசை வணிகமும் கொண்ட வரைவிலக்கணத்தில், வாத்தியக் கலைஞனின் ஆக்கத்துக்கு இடமில்லாது போயிற்று. கூட்டுப் பெயரிலிருந்து இருவர் பெயருக்கு மாறியமையே குழுவினுள் ஏற்பட்ட அதிகார மாற்றத்தையும் காட்டும். குழுவைத் தோற்றுவித்த ஜோன்ஸ் படிப்படியாக ஓரங்கட்டப்பட்டு, 1969 யூனில் விலக்கப்பட்டு, யூலை 3ஆந் திகதி இறந்தார். மறுநாள் பிரித்தானியாவில் வெளிவந்த ‘ஹொங்கி ரொங்க் விமன்’ சிறுதட்டில் அவருக்குப் பதிலாகச் சேர்ந்த மிக் ரெய்லர் வாசித்துள்ளார்.

இவ்விடத்தில் ‘த லாஸ்ட் டைம்’ என்ற பாடலைச் சிறிது விரிவாக நோக்குதல் வேண்டும். 1965 பெப்ரவரியில் வெளிவந்த அதுவே, ஜாகரும் றிச்சட்ஸும் இயற்றியதாகப் பிரித்தானியாவில் முதலிடம் பெற்ற முதலாவது பாடல். ஆயின் அதன் பல்லவி, கறுப்பின ஸ்ரேப்பிள் சிங்கர்ஸ் குடும்பத்தினர் 1950களிற் பதிவுசெய்த மரபுவழிக் கிறிஸ்தவப் பாடலொன்றைத் தழுவியது. அம்மரபுப் பாடலுக்குத் தனியொருவர் உரிமையாளராக இல்லாமையால் சட்டப்படி இதில் தவறில்லை. தட்டின் சீட்டிலோ இரு ஆங்கிலேயர் பெயர் மாத்திரமே பொறிக்கப்பட்டது. சொந்தப் படைப்பாளராக இக்குழு தலைநிமிர்ந்த அதே பாடலில் கடனும் கலந்திருந்தது.

4. காலத்தின் ஓசை

சிறுதட்டுகள் சில வாரங்களிற் பதிவாகிச் சந்தைக்கு வந்தமையால் அவை செய்தித்தாள் போன்று தம் காலத்தை உடனுக்குடன் பிரதிபலித்தன. 1967இல் ஜாகரும் றிச்சட்ஸும் போதைப்பொருள் வழக்கில் தண்டனை பெற்றபோது, யூலை 1ஆந் திகதி ‘ரைம்ஸ்’ நாளிதழின் ஆசிரியர் வில்லியம் றீஸ்-மொக் அத்தண்டனையின் கடுமையைக் கண்டித்துத் தலையங்கம் எழுதினார். மேன்முறையீட்டில் அவர்கள் சிறையிலிருந்து தப்பினர். அவ்வாண்டு ஓகஸ்டில் வெளிவந்த ‘வி லவ் யூ’ பாடல் சிறைக்கூடத்துக் காலடி ஓசையுடனும் கதவு சாத்தப்படும் ஓசையுடனும் தொடங்குகின்றது. 1968 மார்ச்சில் இலண்டன் குறோவ்னர் சதுக்கத்தில் வியட்நாம் யுத்தத்துக்கு எதிராக நடந்த ஆர்ப்பாட்டத்தின் தாக்கத்தால் எழுந்தது ‘ஸ்ரீற் ஃபைட்டிங் மான்’. அது ஓகஸ்டில் அமெரிக்காவில் வெளியானபோது, சனநாயகக் கட்சியின் மாநாட்டையொட்டிச் சிக்காகோ நகரம் கொந்தளித்துக்கொண்டிருந்தமையால், அந்நகர வானொலி நிலையங்கள் சில அதனை ஒலிபரப்ப மறுத்தன. நான்கு ஆண்டுகளுக்கு முன்னர் குழுவினர் மாணாக்கராகச் சென்ற நகரம் இப்போது அவர்களது பாடலுக்கு அஞ்சியது.

5. உரிமை கைமாறிய வரலாறு

இனித் தொகுப்பித்தோரைப் பற்றி நோக்குவோம். 1963இல் ஓல்டமும் அவரது பங்காளர் எறிக் ஈஸ்ரனும் டெக்காவுடன் செய்த ஒப்பந்தம் அக்காலப் பிரித்தானியாவிற் புதுமையானது. வழக்கப்படி ஒலிப்பதிவுக்கான செலவை இசைத்தட்டுக் கம்பனியே ஏற்று, மூல ஒலிநாடாவையும் அதுவே உடைமையாக்கிக்கொள்ளும். ஓல்டமும் ஈஸ்ரனும் ‘இம்பாக்ட் சவுண்ட்’ என்ற தம் கம்பனியின் வாயிலாக ஒலிப்பதிவைத் தாமே செய்வித்து, ஒலிநாடாக்களை டெக்காவுக்குக் குத்தகைக்கு விட்டனர். இதனால் மூல ஒலிநாடாவின் உரிமை டெக்காவிடம் செல்லவில்லை. எனினும் அது இசைக்குழுவிடமும் வரவில்லை என்பதை மனங்கொள்ளல் வேண்டும்.

1965இல் நியூயோர்க்கைச் சேர்ந்த கணக்கியல் வல்லுநர் அலன் கிளைன் குழுவின் வணிக முகாமையாளரானார். இசைத்தட்டுக் கம்பனிகளின் கணக்கேடுகளைத் துருவிக் கலைஞருக்குச் சேரவேண்டிய பணத்தைக் கண்டுபிடித்துக் கொடுப்பதில் அவர் பெயர்பெற்றவர். டெக்காவுடன் அவர் செய்த புதிய ஒப்பந்தம் குழுவினர் அதுகாறும் கண்டிராத பெருந்தொகையைப் பெற்றுக்கொடுத்தது. 1967இல் ஓல்டம் குழுவைவிட்டு விலகியபோது அவரது உரிமைப் பங்கும் கிளைன் கைக்குச் சென்றது. கம்பனிகளிடமிருந்து கலைஞரைக் காக்க வந்தவர் அக்கலைஞரின் படைப்புகளுக்கே உடைமையாளரானார்.

1970இற் குழுவினர் கிளைனை விட்டும் டெக்காவை விட்டும் ஒருங்கே நீங்கினர். ஒப்பந்தப்படி டெக்காவுக்கு மேலும் ஒரு சிறுதட்டு கொடுக்கவேண்டியிருந்தது. அதற்காக அவர்கள் பகிரங்கமாக வெளியிடவே முடியாத ஆபாசச் சொற்களாலான பாடலொன்றைப் பதிவுசெய்து அனுப்பினர். டெக்கா அதனை வெளியிடவில்லை. தொடர்ந்து எழுந்த வழக்குகள் 1972இல் உடன்பாட்டுக்கு வந்தன. 1963 முதல் 1970 வரையான ஒலிப்பதிவுகளும் அக்காலப் பாடல்களின் வெளியீட்டுரிமையும் கிளைனின் அப்கோ கம்பனியிடம் நிலைபெற்றன.

அன்றுதொட்டுத் தம் இளமைக்காலப் பாடல்கள் எவ்வாறு தொகுக்கப்பட வேண்டும் என்பதைத் தீர்மானிக்கும் அதிகாரம் அவற்றைப் பாடியோரிடம் இருக்கவில்லை. 1971இல் டெக்கா ‘ஸ்ரோன் ஏஜ்’ என்ற தொகுப்பை வெளியிட்டபோது, அது தம் அறிவின்றி வெளியிடப்பட்டது எனவும் தரத்திற் குறைந்தது எனவும் குழுவினர் இசை இதழ்களில் விளம்பரஞ் செய்து மக்களை எச்சரித்தனர். அதே ஆண்டின் இறுதியில் வெளிவந்த ‘ஹொட் றொக்ஸ்’ தொகுப்போ மிகப் பெரும் விற்பனை கண்டது.

6. தொகுப்பின் எல்லைகள்

1989இல் குழுவினர் ‘ஸ்ரீல் வீல்ஸ்’ என்ற புதிய பெருந்தட்டையும் உலகப் பயணத்தையும் தொடங்கிய வேளையிலேயே அப்கோ தன் சிறுதட்டுத் தொகுப்பை வெளியிட்டது. சிறுதட்டுகளைக் கால வரிசையில் இருபக்கமும் தருவதே தொகுப்பின் நெறி. அந்நெறி எங்கே தவறுகின்றது என்பதை ஆராய்ந்தால் மெய்யான எல்லை எது என்பது புலனாகும்.

1971 ஏப்பிரலில் ‘பிறவுண் ஷுகர்’ வெளிவந்தபோது குழுவினர் சொந்தக் கம்பனியை நிறுவியிருந்தனர். ஆகவே அது ‘லண்டன்’ தட்டன்று. எனினும் தொகுப்பில் அது உண்டு. அதன் மறுபக்கமான ‘பிச்’ இல்லை. அவ்வாண்டே அமெரிக்காவில் வெளிவந்த ‘வைல்ட் ஹோர்சஸ்’ உண்டு; அதன் மறுபக்கமான ‘ஸ்வே’ இல்லை. காரணம் யாதெனின், முதற்பக்கப் பாடல்கள் இரண்டும் 1969 டிசெம்பரில், பழைய ஒப்பந்தம் நிலவியபோது, அலபாமா மாநிலத்து மசில் ஷோல்ஸ் ஒலிப்பதிவுக் கூடத்திற் பதிவானவை. அவற்றில் அப்கோவுக்குப் பங்குண்டு. மறுபக்கப் பாடல்களில் இல்லை. ஒரே தட்டின் இரு பக்கங்களும் ஒப்பந்தத் திகதியொன்றால் பிளவுபட்டுப் போயின.

மறுபுறத்தில், குழுவின் தட்டாக வெளிவராத சிலவும் உள்ளே இடம்பெற்றுள்ளன. ‘மெமோ ஃபுறொம் ரேணர்’ 1970இல் ஜாகரின் பெயரிலும், ‘இன் அனதர் லான்ட்’ 1967இல் வைமனின் பெயரிலும் வெளிவந்தவை. அன்றியும், 1975இல் அப்கோ பழைய ஒலிநாடாக்களிலிருந்து திரட்டி வெளியிட்ட ‘மெற்றமோர்ஃபசிஸ்’ என்னும் பெருந்தட்டையொட்டி வந்த பாடல்களும் இறுதியில் சேர்க்கப்பட்டுள்ளன. குழுவினர் வெளியிடாது ஒதுக்கி வைத்தவை அவை. இவை அனைத்தையும் நோக்குமிடத்து, காலமோ கலைநோக்கோ குழுவின் பெயரோ இத்தொகுப்பின் எல்லையை வகுக்கவில்லை என்பதும், உடைமையே வகுத்தது என்பதும் தெளிவாகும். இரு உடைமையாளரும் உடன்பட்டு, குழுவின் நாற்பதாண்டுப் பாடல்களையும் ஒரே தொகுப்பில் காண்பதற்கு 2002இல் வெளிவந்த ‘ஃபோர்ட்டி லிக்ஸ்’ வரை காத்திருக்க வேண்டியதாயிற்று.

இவ்வுடைமையின் வலிமையை ‘த லாஸ்ட் டைம்’ பாடலின் பிற்கால வரலாறு நன்கு காட்டும். ஓல்டம் தம் பெயரிலான வாத்தியக் குழுவைக் கொண்டு அப்பாடலை 1960களின் நடுப்பகுதியிற் பதிவுசெய்திருந்தார். அதன் ஒரு பகுதியைப் பயன்படுத்தி, த வேர்வ் என்ற ஆங்கிலேயக் குழு 1997இல் ‘பிற்றர் ஸ்வீற் சிம்ஃபனி’ என்ற பாடலை வெளியிட்டது. பாடல் வரிகளை எழுதியவர் றிச்சட் அஷ்குறொஃப்ட். கிளைன் உரிமை கோரியதன் விளைவாக இயற்றியோர் வரிசையில் ஜாகர், றிச்சட்ஸ் பெயர்கள் சேர்க்கப்பட்டன. பாடலாசிரியருக்குரிய வருவாயும் அஷ்குறொஃப்டுக்குக் கிட்டாது போயிற்று. கிளைன் 2009இல் இறந்தார். பத்தாண்டுகளின் பின்னர், 2019இல், ஜாகரும் றிச்சட்ஸும் தம் பெயரையும் பங்கையும் அஷ்குறொஃப்டுக்கு விட்டுக்கொடுத்தனர். தேவாலயப் பாடலாகப் பலர் வாயில் உலவிய பல்லவியொன்று ஆங்கிலேயர் இருவர் பெயரை அடைந்து, அப்பெயரின் வலிமையால் வேறொருவரின் உழைப்பையும் இருபத்திரண்டு ஆண்டுகள் கட்டிவைத்திருந்தது.

முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால் ஆரம்பகாலப் பாடல்களின் தொகுப்பொன்று இருவேறு வரலாறுகளை ஒருங்கே தாங்கியிருத்தல் புலப்படும். பாடல்களை வரிசையாகக் கேட்போர், பிறர் குரலைப் பயின்ற இளைஞர் எட்டு ஆண்டுகளில் தமக்கென ஒரு குரலைக் கண்டடைந்த வரலாற்றைக் காண்பர். பெயர்களை வரிசையாக வாசிப்போர், அப்பாடல்கள் சிக்காகோவிலிருந்து இலண்டனுக்கும் இலண்டனிலிருந்து நியூயோர்க்குக்கும் கைமாறிய வரலாற்றைக் காண்பர். முதலாவதை மாத்திரம் எழுதினால் அது புகழுரையாகிவிடும். இரண்டாவதை மாத்திரம் எழுதினால், இத்தனை பேர் இப்பாடல்களுக்காக ஏன் வழக்காடினர் என்பது விளங்காது போகும்.

கிளைனின் செயலை எவ்வாறு மதிப்பிடினும், அவரது கம்பனி தொகுப்பித்தமையாலேயே இரு நாட்டு மறுபக்கங்களும் ஒன்றுசேர்ந்தன என்பதையும், பெரும்பாலான பாடல்கள் முதலிற் கேட்கப்பட்ட மோனோ ஒலியிலேயே மீண்டும் கிடைத்தன என்பதையும் ஒப்புக்கொள்ளல் தகும். அத்தொகுப்பின் இரண்டாவது பாடலின் கீழ் வில்லி டிக்சனின் பெயர் காணப்படுகின்றது. டிக்சன், தம்மைப் போன்ற புளூஸ் கலைஞர் தம் உரிமைகளைக் காத்துக்கொள்ள உதவும் பொருட்டு 1980களில் ‘புளூஸ் ஹெவன்’ என்ற அறநிலையத்தை நிறுவி, 1992இற் காலமானார். சிக்காகோவில் செஸ் கம்பனி இயங்கியதும் றோலிங் ஸ்ரோன்ஸ் குழுவினர் 1964இற் பாடல்களைப் பதிவுசெய்யச் சென்றதுமான அக்கட்டடத்தை அவரது மனைவி 1993இல் வாங்கினார். 1997 முதல் அது அவ்வறநிலையத்தின் இல்லமாக விளங்குகின்றது.